தண்ணீர் சுமக்கும், நாம் தள்ளினால் போதும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கப்பலைப் பற்றித்தான். மற்றவற்றை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, கப்பல், படகு, கடல் பயணம் என்று வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சின்ன ஆணியைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடுகிறது. ஆயிரக்கணக்கான டன் இரும்பில் செய்த கப்பல் எப்படி மிதக்கிறது? (எட்டாம் வகுப்பு மாணவி)

பதில்: ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமான விசையால் தண்ணீர் அதை மேலே தள்ளும். இதை மனப்பாடம் செய்வதைவிட ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் நன்றாகப் புரியும். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகட்டில், பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள மூடிய பெட்டி ஒன்று செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கத் தகடும் சேர்ந்து சுமார் 470 கிலோ. பெட்டி முழுக்க மூழ்க வேண்டுமானால் ஒரு கன மீட்டர் கடல்நீரை விலக்கியாக வேண்டும், அந்த நீரின் எடை சுமார் 1,025 கிலோ. 470 கிலோவால் 1,025 கிலோ தண்ணீரைத் தள்ள முடியாது, ஆகவே பெட்டி 46 சென்டிமீட்டர் ஆழம் இறங்கி அங்கேயே நின்றுவிடும். ஆணிக்குள் காலி இடம் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அதே தகட்டில் பக்கத்துக்குப் பத்து மீட்டர் உள்ள பெட்டி செய்யுங்கள். இரும்பு நூறு மடங்காகி 47 டன் வரும், ஆனால் உள்ளே இருக்கும் இடம் ஆயிரம் மடங்காகிவிடும். இந்தப் பெரிய பெட்டியும் அதே 46 சென்டிமீட்டர்தான் இறங்கும், மீதி ஒன்பதரை மீட்டர் தண்ணீருக்கு மேலே நிற்கும், அதில் இன்னும் 900 டன்னுக்கு மேல் ஏற்றினாலும் தாங்கும்! நிஜத்தில் பெரிய கப்பலுக்குத் தகடும் தடிமனாக வேண்டும், உள்ளே குறுக்குச் சட்டங்களும் வேண்டும், ஆனாலும் கணக்கின் போக்கு மாறுவதில்லை. கப்பலை மேலும் மேலும் பெரிதாகக் கட்டிக்கொண்டே போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

கேள்வி: சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு கோடும், பக்கத்திலேயே ஏணிப்படி மாதிரி சில கோடுகளும் வரைந்திருக்கிறார்களே, எதற்கு?

பதில்: அது சுமை வரம்புக் குறி. அந்தக் கோடு மூழ்கும் அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில், பழைய கப்பலை அளவுக்கு மீறி நிரப்பி, நல்ல தொகைக்குக் காப்பீடும் செய்து கடலுக்கு அனுப்பிய முதலாளிகள் இருந்தார்கள். கப்பல் மூழ்கினாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை, போவது மாலுமிகளின் உயிர். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் போராடியதால்தான் 1876-இல் சட்டம் வந்தது. அதிலும் பாருங்கள், கோடு போட வேண்டும் என்று சொன்ன சட்டம், எந்த உயரத்தில் போட வேண்டும் என்பதைக் கப்பல் முதலாளியிடமே விட்டுவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க 1890 ஆகிவிட்டது.

ஏணிப்படிக் கோடுகள் கடலுக்கும் பருவத்துக்கும் தகுந்தவை. நன்னீருக்கு ஒன்று, வெப்பமண்டலக் கடலுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. கடல்நீரைவிட நன்னீர் லேசானது என்பதால், கடலிலிருந்து ஆற்று முகத்துவாரத்துக்குள் நுழையும் கப்பல், ஒரு மூட்டைகூடக் கூடுதலாக ஏற்றாமலேயே சற்றுக் கீழே இறங்கும். குளிர்காலக் கடலில் அலை பெரிது, அங்கே தண்ணீருக்கு மேலே நிற்கும் பகுதி அதிகமாக இருக்க வேண்டும், அதனால் அந்தக் கோடு கீழே இருக்கும்.

கேள்வி: இவ்வளவு கணக்கும் சரியாக இருக்கிறது என்றால் கப்பல்கள் ஏன் கவிழ்கின்றன?

பதில்: மிதப்பது சுலபம், நிமிர்ந்து நிற்பதுதான் கஷ்டம். கப்பலின் எடை முழுவதும் ஒரு புள்ளி வழியாகக் கீழே இழுப்பதாக வைத்துக்கொள்ளலாம், அதேபோல் தண்ணீர் மேலே தள்ளுவதும் ஒரு புள்ளி வழியாக. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் கூடுதலாக மூழ்குகிறது, உடனே தண்ணீர் தள்ளும் புள்ளியும் சாய்ந்த பக்கமாக நகர்ந்து கப்பலைத் திரும்ப நிமிர்த்துகிறது. எடை தாழ்வாக இருக்கும்வரை இது ஒழுங்காக நடக்கும். எடை மேலே ஏற ஏற நிமிர்த்தும் பலம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்துக்கு மேல் அதே விசை கவிழ்க்கிற பக்கம் வேலை செய்யத் தொடங்கிவிடும். சரக்கை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கப்பல், அடித்தொட்டிகளில் ஆயிரக்கணக்கான டன் கடல்நீரை நிரப்பிக்கொண்டு போவது இதற்காகத்தான். (அந்த நீரோடு ஒரு கடலின் நுண்ணுயிர்களும் சிப்பிகளும் இன்னொரு கடலுக்குப் போய்ப் பெருகிவிடுகின்றன. அதைத் தடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது.)

ஸ்வீடன் மன்னருக்காகக் கட்டிய வாசா என்ற போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து முதல் பயணம் கிளம்பியது. 64 பீரங்கிகள், மேலே உயரமான அடுக்குகள், ஏராளமான சிற்பங்கள், கீழேயோ போதுமான பாரம் இல்லை. கிளம்பிச் சுமார் 1,300 மீட்டர் போயிருக்கும், ஒரு காற்று அடித்துச் சாய்த்தது, திறந்திருந்த பீரங்கித் துவாரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, கரையில் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது. இதில் என் மனதை உறுத்துவது வேறு ஒரு விஷயம். பயணத்துக்கு முன்னாலேயே 30 பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள், கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தியும் இருக்கிறார்கள். தெரிந்தும் அனுப்பினார்கள். 1961-இல் வெளியே எடுத்த அந்தக் கப்பல் இன்று ஸ்டாக்ஹோமில் ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து, கப்பலுக்குள் தளும்பும் தண்ணீர். அகலமான தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றித் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள், லேசாகச் சாய்ந்தாலும் தண்ணீர் முழுவதும் அந்த ஓரத்துக்கு ஓடி இன்னும் சாய்க்கும். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சேப்ரூக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற பயணிகள் கப்பலில் நடந்தது இதுதான். வாகனங்கள் ஏறுகிற முன்கதவை மூடாமலே கிளம்பிவிட்டார்கள். வாகனத் தளம் தடுப்புச் சுவர் இல்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே திறந்தவெளி. உள்ளே புகுந்த தண்ணீர் ஒரு பக்கமாக ஓடியது, சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். எண்ணெய்க் கப்பலின் தொட்டிகளுக்கு நடுவே நீளவாக்கில் தடுப்புச் சுவர்கள் வைப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். கனிம மண் ஏற்றும் கப்பல்களிலும் இதே கதைதான், ஈரம் அதிகமாக இருந்தால் வழியில் ஏற்படும் அதிர்வில் அந்த மண்ணே குழம்பாகி ஒரு பக்கம் சரிந்துவிடும்.

கேள்வி: இவ்வளவு பெரிய கப்பலைத் தள்ளுவதற்கு எத்தனை எஞ்சின் வைத்திருப்பார்கள்?

பதில்: பெரும்பாலான சரக்குக் கப்பல்களில் பிரதான எஞ்சின் ஒன்றுதான், பின்னால் சுழலும் விசிறியும் ஒன்றுதான். (மின்சாரத்துக்கு வேறு சிறிய எஞ்சின்கள் உண்டு.) 2006-இல் வந்த எம்மா மேர்ஸ்க் என்ற கன்டெய்னர் கப்பலின் எஞ்சினுக்கு 14 சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் உள்விட்டம் 96 சென்டிமீட்டர். எஞ்சின் மட்டுமே 2,000 டன்னுக்கு மேல், ஒரு லட்சத்துக்கும் அதிகமான குதிரைசக்தி. ஆனால் அது நிமிடத்துக்கு நூறு சுற்றுதான் சுற்றும். விசிறி பெரிதாக இருந்து மெதுவாகச் சுற்றினால் சக்தி வீணாகாது, வேகமாகச் சுற்றினால் இறக்கைகளுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்து நீராவிக் குமிழ்கள் உண்டாகி, அவை உடையும்போது உலோகத்தையே அரித்துவிடும். இந்த எஞ்சின்களில் கியர் கிடையாது. பின்னால் போக வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்தி, எதிர்ப் பக்கமாகச் சுழலும்படி மறுபடி கிளப்ப வேண்டும்.

எரிபொருளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கப்பலுக்குத் தேவைப்படும் சக்தி, தோராயமாக வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் கப்பல்கள் மெதுவாகப் போகத் தொடங்குவது இதனால்தான்.

கேள்வி: கப்பலுக்கு பிரேக் கிடையாதாமே?

பதில்: கிடையாது. விசிறியை எதிர்ப்பக்கம் சுழற்றுவது ஒன்றுதான் வழி. முழு வேகத்தில் போகும் கப்பல் இப்படி நிற்பதற்குத் தன் நீளத்தைப் போல 15 மடங்கு தூரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது சர்வதேச அளவுகோல், மிகப் பெரிய கப்பல்களுக்கு 20 மடங்கு வரை விட்டுக்கொடுப்பார்கள். 330 மீட்டர் எண்ணெய்க் கப்பலுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து கிலோமீட்டர்! சுக்கானும் தண்ணீர் வேகமாக அதன்மேல் பாயும்போதுதான் வேலை செய்யும், கப்பல் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அதைத் திருப்பி ஒரு பயனும் இல்லை. சிறிய படகில் போகிறவர்கள் பெரிய கப்பலின் குறுக்கே போகக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மேலே நிற்பவர் உங்களைப் பார்த்துவிட்டாலும் அவரால் நிறுத்த முடியாது.

கேள்வி: பாய்மரக் கப்பல் காற்றடிக்கும் பக்கம்தானே போகும்? திரும்பி எப்படி வருவார்கள்?

பதில்: இரண்டு வழி. ஒன்று, காத்திருப்பது. இந்தியப் பெருங்கடலில் பருவக்காற்று பாதி வருடம் தென்மேற்கிலிருந்தும் பாதி வருடம் வடகிழக்கிலிருந்தும் வீசுவதால், ஒரு காற்றில் போய் வியாபாரத்தை முடித்துக்கொண்டு இன்னொரு காற்றில் திரும்புவார்கள். இரண்டாவது, காற்றுக்குச் சாய்வாகப் போவது. பாயைச் சரியான கோணத்தில் வைத்தால் விமானத்தின் இறக்கையைப் போல அதன் இரு பக்கமும் அழுத்த வேறுபாடு உண்டாகி விசை பிறக்கிறது. அந்த விசை கப்பலைப் பக்கவாட்டிலும் தள்ளும், கொஞ்சம் முன்னாலும் தள்ளும். அடியில் நீண்டிருக்கும் கட்டை பக்கவாட்டு நகர்வைத் தடுத்துவிடுவதால் முன்னோக்கி நகர்வது மட்டும் மிஞ்சுகிறது. இப்படிக் கொஞ்ச தூரம் வலது சாய்வாக, அப்புறம் இடது சாய்வாக என்று மாறி மாறிப் போனால் காற்று எங்கிருந்து வருகிறதோ அங்கேயே போய்ச் சேர்ந்துவிடலாம். நேர் எதிரே போவது மட்டும் முடியாது.

கேள்வி: விமானம் வந்த பிறகும் மனிதர்கள் ஏன் தண்ணீரில் பயணம் செய்கிறார்கள்? நேரம் வீண்தானே? (கல்லூரி ஆசிரியர்)

பதில்: உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன். மனிதர்கள் முதலில் ஏன் தண்ணீரில் இறங்கினார்கள்? தரையில் ஒரு பாரத்தைக் கொண்டுபோக வேண்டுமானால் அதைத் தாங்கிப் பிடித்து, மேட்டில் ஏற்றி, பள்ளத்தில் இறக்கி, சக்கரத்தின் உராய்வோடு போராட வேண்டும். தண்ணீரில் அந்தப் பாரத்தைத் தண்ணீரே சுமந்துவிடுகிறது, நாம் தள்ளினால் போதும். கால்வாய்க் கரையில் நடக்கும் ஒரே ஒரு குதிரை 30 டன் சரக்குள்ள படகை மெதுவாக இழுத்துப் போய்விடும். அதே குதிரையால் சாலையில் ஒன்றிரண்டு டன்னுக்கு மேல் இழுப்பது சிரமம். தவிர, ஆற்றுக்கும் கடலுக்கும் யாரும் சாலை போட வேண்டியதில்லை. இன்றைக்கும் உலக வணிகத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல், அளவைக் கொண்டு பார்த்தால், கப்பலில்தான் போகிறது.

சரி, சரக்கை விடுங்கள், ஆட்கள்? நெடுந்தூரப் பயணத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான், விமானம் ஜெயித்துவிட்டது. 1838-இல் கிரேட் வெஸ்டர்ன் என்ற நீராவிக் கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்கப் பதினைந்து நாள் எடுத்தது. 1952-இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற கப்பல் அதே கடலை மூன்றே நாள் பத்து மணி நேரத்தில் கடந்து சாதனை செய்தது. ஆறே வருடத்தில், 1958-இல், ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின, அந்தச் சாதனையால் பிறகு பெரிய பிரயோஜனம் இல்லாமல் போயிற்று.

ஆனால் உலகத்தில் தண்ணீர்ப் பயணம் என்பது பெரும்பாலும் சிறிய தூரம்தான். போஸ்பரஸ் நீரிணையின் ஒரு கரையில் வீடு, மறு கரையில் வேலை என்று இஸ்தான்புல்லில் தினமும் படகில் போய் வருகிறார்கள். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகுக்கு 1997 முதல் கட்டணமே இல்லை, மக்களுக்கு அது பேருந்து மாதிரி. வேறு வழியே இல்லாத இடங்களும் உண்டு. பெரு நாட்டின் அமேசான் காட்டுக்குள் இருக்கும் இகிடோஸ் லட்சக்கணக்கானோர் வாழும் நகரம், வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது, ஆறு அல்லது விமானம். தென் அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் டா குன்ஹா என்ற தீவில் முந்நூறு பேருக்கும் குறைவானவர்கள் வாழ்கிறார்கள், அங்கே விமான நிலையமும் இல்லை. கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு வாரம். மருந்து, மாவு, கடிதம், மருத்துவர் எல்லாமே அந்தக் கப்பலில்தான் வர வேண்டும். அவர்களிடம் போய் நேரம் வீண் என்று சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பயணம் சிக்கனம் என்பது மெதுவாக, நிறைய பாரத்தோடு போகும்போதுதான். மணிக்கு நாற்பது கடல் மைல் வேகத்தில் பறக்கும் அதிவேகப் படகுக்கும் நீச்சல் குளங்களைச் சுமந்து போகும் உல்லாசக் கப்பலுக்கும் இந்தக் கணக்கைப் பொருத்தாதீர்கள்.

கேள்வி: ஐகான் ஆஃப் த சீஸ் என்ற உல்லாசக் கப்பல் இரண்டரை லட்சம் டன் என்று படித்தேன். அவ்வளவு எடையா?

பதில்: எடை இல்லை. மொத்த டன் அளவு என்பது கப்பலின் மூடப்பட்ட உள் இடத்தைக் குறிக்கும் எண், அதாவது கொள்ளளவு. அறைகளும் கூடங்களும் நிறைய இருப்பதால் உல்லாசக் கப்பல்களுக்கு இந்த எண் பெரிதாக வரும், உண்மையான எடை இதைவிட மிகவும் குறைவு.

கேள்வி: கப்பலில் ஏறினாலே எனக்கு வாந்தி வருகிறது. என்ன செய்வது?

பதில்: உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு உடம்பு ஆடுகிறது என்கிறது, அறைக்குள் இருக்கும் கண் எதுவும் அசையவில்லை என்கிறது, இந்த முரண்தான் காரணம். கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியில், தாழ்வான தளத்தில் இடம் பிடியுங்கள், அங்கே ஆட்டம் மிகக் குறைவு. தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள், படிக்காதீர்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள். மாத்திரை எடுப்பதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டு, கிளம்புவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு எடுத்தால் பெரும்பாலும் பயன் இருக்காது.

கேள்வி: அவ்வளவு பெரிய கப்பலை அந்தச் சின்ன நங்கூரம் எப்படிப் பிடித்து நிறுத்துகிறது?

பதில்: பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு சங்கிலிக்கு. தண்ணீரின் ஆழத்தைப் போலப் பல மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை இறக்குவார்கள், அதில் ஒரு பகுதி கடலடியில் படுத்துக் கிடக்கும். அதனால் கப்பல் இழுக்கும்போது நங்கூரத்தை மேலே தூக்காமல் படுக்கைவாட்டில் இழுக்கிறது, அப்படி இழுபட்டால்தான் அதன் கொழு மண்ணுக்குள் ஆழமாக இறங்கும். நங்கூரத்தை எடுக்கும்போது சங்கிலியைச் சுருட்டிச் செங்குத்தாக இழுத்தால் சுலபமாகப் பெயர்ந்துவிடும்.

கேள்வி: கப்பல்கள் கடலையும் காற்றையும் கெடுக்கின்றனவே, மாற்று வழி உண்டா?

பதில்: உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் கப்பல்களின் பங்கு ஏறக்குறைய மூன்று சதவீதம். கப்பல் எண்ணெயில் இருக்கும் கந்தகத்தின் உச்ச அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக 2020 ஜனவரி முதல் குறைத்தது நல்ல காரியம், கடலோர மக்களின் நுரையீரலுக்கு நேரடியான நன்மை. மெத்தனால், அம்மோனியா, மின்கலம் என்று பலவும் முயன்று பார்க்கிறார்கள். குறுகிய தூரப் படகுகளுக்கு மின்கலம் இப்போதே நன்றாகப் பொருந்துகிறது, பெருங்கடலைக் கடக்கத்தான் அதன் எடை இடம் கொடுக்காது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது காற்றின் மறுவருகை. தளத்தில் உயரமான உருளைகளை நிறுத்தி மோட்டாரால் சுழற்றினால், பக்கவாட்டில் வீசும் காற்று கப்பலை முன்னே தள்ளும். ஆன்டன் பிளெட்னர் என்ற ஜெர்மானியர் நூறு வருடத்துக்கு முன்பே செய்து காட்டியது இது, அவருடைய உருளைக் கப்பல் 1926-இல் அட்லாண்டிக்கையே கடந்தது. அப்போது எண்ணெய் மலிவாக இருந்ததால் யாரும் தொடரவில்லை. இப்போது அதே உருளைகளைச் சரக்குக் கப்பல்களில் பொருத்துகிறார்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. அடிக்கடி படகில் ஆற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது, பயமாக இருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: பயப்படுவதில் தப்பே இல்லை, அந்தப் பயத்தைக் கண்ணுக்குக் கொடுங்கள். ஏறுவதற்கு முன் படகின் விளிம்பு தண்ணீரிலிருந்து எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சின்ன அலை வந்தாலே உள்ளே விழும்போல இருந்தால் ஏறாதீர்கள், அடுத்த படகுக்குக் காத்திருங்கள், மற்றவர்கள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. கூரைமேல் ஆட்களும் மூட்டைகளும் ஏறியிருந்தால் இன்னும் ஆபத்து, எடை மேலே போனால் என்ன ஆகும் என்று வாசா கதையில் சொன்னேன். நடுவழியில் எதையாவது பார்க்க எல்லோரும் ஒரு பக்கம் எழுந்து போனால் நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், மற்றவர்களையும் உட்காரச் சொல்லுங்கள். அடியில் தண்ணீர் சேர்ந்து தளும்பினால் உடனே படகோட்டியிடம் சொல்லி இறைக்கச் சொல்லுங்கள்.

மிதவை உடுப்பை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது போட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். படகு கவிழ்வது சில நொடிகளில் முடிந்துவிடும். ஏறியவுடனே போட்டு எல்லா வாரையும் இறுக்கிக் கட்டுங்கள், குழந்தைகளுக்குக் குழந்தை அளவிலேயே கேட்டு வாங்கிப் போடுங்கள், பெரியவர்களுடையது தலைவழியாகக் கழன்றுவிடும். மூடிய அறையுள்ள படகாக இருந்தால் வெளியே தளத்தில் உட்காருவது நல்லது. அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், மிதவை உடுப்பு உங்களைக் கூரையோடு சேர்த்து அழுத்தும், கீழே இருக்கும் வாசலுக்கு முக்குளித்துப் போக முடியாது. உள்ளேதான் இடம் கிடைத்தது என்றால் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப நிமிராமல் நின்றால் யாரும் சொல்லும்வரை காத்திராமல் வெளியே வந்துவிடுங்கள்.